விசுவமடுப் பக்கத்துக்கு எந்த டபுள் கப் சரிவரும்? பழையது ஒன்று எடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கச்சான்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பழைய டபுள் கப் (இரண்டு வரிசை சீட்டும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள பிக்அப்) எடுப்பதென்று வீட்டில் முடிவாகிவிட்டது, எதை எடுப்பது என்பதில்தான் இழுபறி. எங்களுக்கு வயலும் கச்சான், பயற்றங்காய்த் தோட்டமும் இருக்கின்றன. விளைச்சல் நேரத்தில் கிளிநொச்சிச் சந்தைக்குச் சாமான் ஏற்ற வேண்டும், மற்ற நாட்களில் அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு கிளினிக் கொண்டுபோக வேண்டும், பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் சிங்கிள் கப் வேண்டாம். வீட்டிலிருந்து ஏ35 வீதிக்கு ஏறும் வரைக்கும் கிரவல் றோட்டு. மாரியில் வாய்க்கால் மேவிப் பாய்ந்தால் போர் வீல் (நான்கு சில்லும் இழுப்பது) இல்லாமல் வெளியே வரவே முடியாது.

லீசிங் போட விருப்பமில்லை, கையில் உள்ளது 80 லட்சம். மூன்று வாகனம் பார்த்து வைத்திருக்கிறேன். 2007ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, 2.5 எஞ்சின், வவுனியாவில் நிற்கிறது, விலை என் எல்லையைக் கொஞ்சம் தாண்டுகிறது. கிட்டத்தட்ட அதே வயது மிட்சுபிஷி எல்-200 பரந்தனில் ஒருவரிடம், முன்பு நீர்கொழும்புப் பக்கம் ஓடியதாம். மூன்றாவது பழைய ஹைலக்ஸ் எல்.என்.166, 5எல் எஞ்சின், மல்லாவியில். மூன்றையும் வெளியே இருந்துதான் பார்த்தேன், இன்னும் ஓடிப் பார்க்கவில்லை. எதை நம்பி எடுக்கலாம்?

கரடிப்போக்கு கராச் எழுதியது:

தம்பி, மூன்றின் பெயரையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கிளிநொச்சியில் நான் செய்வதே இந்த வேலைதான். எஞ்சினை இங்கேயே இறக்கிச் செய்யலாம், கியர் பொக்ஸைச் செய்யலாம், பொடி அடிபட்டிருந்தால் டிங்கர் பாஸ் நிமிர்த்தித் தருவார். செய்ய முடியாதவை இரண்டு: சேசியும் (வாகனத்தைத் தாங்கும் அடிச்சட்டம்) புக்கும் (பதிவுச் சான்றிதழ்). இந்த இரண்டும் சுத்தமாக இருந்தால் எந்தக் கொம்பனி வாகனத்தையும் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஹைலக்ஸ் என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சேசி பார்க்கும் விதம் சொல்கிறேன். ஒரு சாக்கை விரித்துக்கொண்டு பின்பக்கம் அடியில் படுங்கள். பின் சில்லுக்கு மேலே சேசி வளைந்து ஏறும் இடம், ஸ்பிரிங் பிளேட்டின் இரண்டு நுனியும் சேசியில் பிடித்திருக்கும் இடம், கபினுக்கும் பின் பெட்டிக்கும் இடையில் வரும் துண்டு, இவைதான் முதலில் போகும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உள்ளே உக்கிய இடம் தொப்பென்று அமுங்கும், அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பொருக்குப் பொருக்காகக் கொட்டும். சேசிக்குள் தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள், நம்முடைய கிரவல் சேறு அவற்றை அடைத்துவிடுகிறது, ஈரம் உள்ளேயே நிற்கிறது, வெளியே பெயின்ட் மினுங்கிக்கொண்டிருக்க உள்ளே உக்கிப்போகிறது. அடியில் புதுக் கறுப்புப் பூச்சு அடித்து விற்க வைத்திருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

ஸ்பிரிங் பிளேட்டுகளையும் பாருங்கள். கொம்பனி போட்டதற்கு மேலே தடித்த பிளேட் கூட்டிப் போட்டிருந்தால் அந்த வாகனம் மணலோ கல்லோ அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறது. அப்படி ஏற்றிய வாகனத்தில் கபினுக்குப் பின்னால் சேசியில் வெடிப்பு இருக்கும், அல்லது வெடித்த இடத்தில் வெல்டிங் இருக்கும். வெல்டிங் கண்டால் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

மல்லாவிக்காரன் எழுதியது:

பாஸ் சொன்ன சேசிக் கதை சரி, ஆனால் எஞ்சினை இங்கேயே செய்யலாம் என்று எல்லா எஞ்சினையும் ஒரே கணக்கில் போட முடியாது. தம்பி பார்த்த எல்.என்.166இல் இருப்பது 5எல், மூன்று லீற்றர், டர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டீசல் பம்ப் முழுக்க இயந்திரம்தான். துணுக்காயில் நின்றாலும் மாங்குளத்தில் நின்றாலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒருவர் கிடைப்பார். விகோவில் இருப்பது 2கேடி எஞ்சின், கொமன் ரெயில், அதாவது கம்ப்யூட்டர் சொல்லும்படி உயர் அழுத்தத்தில் டீசல் அடிக்கும் வகை, டீசல் அடிக்கும் இஞ்ஜெக்டர் ஒன்று பழுதானாலே அதை பெஞ்சில் போட்டுச் சோதிக்க வெளியூர் போக வேண்டும், விலையும் சும்மா இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். 2022இல் டீசல் தட்டுப்பாடு வந்தபோது என்ன நடந்தது? எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வரும் வரைக்கும், வந்த பிறகும் கூட, பரலில் மாதக்கணக்கில் கிடந்த டீசலையும் மண்ணெண்ணெய் கலந்ததையும் ஊற்றி ஓடியவர்கள் எத்தனை பேர். பழைய பம்ப் அதைச் சகித்துக்கொள்ளும். கொமன் ரெயில் பம்பும் இஞ்ஜெக்டரும் டீசலின் வழுக்கலை நம்பித்தான் ஓடுகின்றன, மண்ணெண்ணெயில் அந்த வழுக்கல் இல்லை, தண்ணீர் கலந்தால் இன்னும் மோசம். அந்த வருடம் அந்த விகோ எதைக் குடித்தது என்று யாருக்குத் தெரியும்? என் வாக்கு எல்.என்.166க்கு.

முறிகண்டி ட்ரைவர் எழுதியது:

மல்லாவி அண்ணை, கச்சான் தம்பி அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏ9இல் யாழ்ப்பாணம் போகிறவர், அதையும் பாருங்கள். 5எல் எஞ்சினில் ஆட்களும் சாமானும் ஏற்றிக்கொண்டு ஒரு பஸ்ஸை முந்துவதென்றால் எவ்வளவு தூரம் எதிர்ப்பக்கத்தில் ஓட வேண்டும் என்பது ஓடினவனுக்குத்தான் தெரியும். அந்த வயது வாகனங்கள் பலவற்றில் ஏபிஎஸ் இல்லை, எயார் பேக் இல்லை. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் இருட்டில் மாடு குறுக்கே வரும்போது பிரேக்தான் உயிர். டர்போ போட்ட விகோ அந்தப் பாதைக்கு நிம்மதி.

ஆனால் 2007 விகோ எடுப்பதென்றால் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 2கேடி, 1கேடி இரண்டு எஞ்சினிலும் இஞ்ஜெக்டரின் அடியில் ஒரு செப்பு வாசர் இருக்கிறது. அது நாளாக நாளாக இறுக்கம் விட்டு எரிந்த வாயுவைக் கசியவிடும். அந்தக் கரி எஞ்சின் ஒயிலில் கலந்து, சம்பின் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் தட்டு) அடியில் ஒயிலை உறிஞ்சும் சல்லடையில் போய் அடையும். சல்லடை அடைத்தால் ஒயில் மேலே ஏறாது, பெயரிங்குகள் போய்விடும், எஞ்சின் முடிந்தது. கன பேர் டொயோட்டா தானே என்று ஒயில் மட்டும் மாற்றிக்கொண்டு ஓடுவார்கள், இதைப் பார்ப்பதே இல்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். விகோவில் 150,000 கிலோமீற்றரில் மாற்றச் சொல்லி டாஷ் போர்ட்டில் லைட்டே எரியும், ஆனால் அந்த லைட்டை அணைக்கத் தெரிந்தவர்கள் பெல்ட்டை மாற்றாமலே அணைத்துவிடுகிறார்கள். ரசீது இருந்தால் நம்பலாம். எல்-200இன் 4டி56 எஞ்சினிலும் பெல்ட்தான், டைமிங் பெல்ட்டோடு பலன்ஸ் சாஃப்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட்டும் உண்டு, அந்தச் சின்னது அறுந்து பெரியதில் சிக்கினாலும் எஞ்சின் போய்விடும். இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

அளம்பில் கரை எழுதியது:

எல்-200 நீர்கொழும்பில் ஓடியது என்றீர்கள். மீன் ஏற்றியதா என்று கேட்டீர்களா? முல்லைத்தீவுக் கரையில் நாங்கள் தினமும் பார்க்கும் விஷயம் இது. ஐஸ் பெட்டி உருகி மீன் தண்ணீர் பின் பெட்டியின் மூட்டுகள் வழியாக வடிந்து சரியாகச் சேசியின் பின்பாதியிலும் பிரேக் குழாய்களிலும் விழும். அது உப்பும் இரத்தமும் கலந்த தண்ணீர், மழைத் தண்ணீர் போல் காய்ந்து போகாது. வாகனம் கழுவுகிறவர்களும் மேலேதான் கழுவுவார்கள். பின் பெட்டியின் ரப்பர் பாயைத் தூக்கி அடியில் மூட்டுகளைப் பாருங்கள், பிறகு பின் பிரேக் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். குழாய் சொரசொரவென்று பொருக்கு வெடித்திருந்தால் அது கடற்கரை வாகனம்தான், எந்த ஊர் நம்பர் பிளேட் போட்டிருந்தாலும் சரி.

நவாரா டி40 யாராவது கொண்டுவந்து காட்டினாலும் இதே கவனம் வேண்டும். வெளிநாடுகளிலேயே சேசி உக்கிய முறைப்பாடு அதிகம் வந்த வாகனம் அது.

நெடுங்கேணி உழவன் எழுதியது:

கொஞ்சம் வேறு பக்கமாக யோசிக்கலாமா? டபுள் கப்பின் பின் பெட்டி ஒன்றரை மீற்றர் நீளம்தான். நெல் மூட்டை அடுக்கினால் எத்தனை ஏறும்? பாரமும் ஒரு தொன்னுக்குக் கீழேதான் ஏற்றலாம், அதில் ஆட்களின் பாரமும் சேரும். எங்களுடைய ஆட்கள் பலர் டபுள் கப்பை லொறி என்று நினைத்து ஏற்றி, இரண்டு போகத்தில் சேசியை முறித்துவிடுகிறார்கள். வயல் வேலைக்கு உழவு இயந்திரமும் பெட்டியும் இருக்கிறது, சந்தைக்கு ஒரு பட்டாவை (சின்ன லொறி) வாடகைக்குப் பிடிக்கலாம். மிச்சம் அம்மாவின் கிளினிக்கும் பிள்ளைகளும்தான், அதற்கு டபுள் கப் தேவையா?

கச்சான்தோட்டம் எழுதியது:

அண்ணை, நீங்கள் சொல்வது விளங்குகிறது. நெல்லை மெசின்காரர் வெட்டியதும் வயலிலேயே விற்றுவிடுகிறோம், அதை நான் ஏற்றப் போவதில்லை. ஏற்றுவது பயற்றங்காயும் கச்சானும்தான், விடியப்புறம் சந்தைக்குப் போக வேண்டும், அந்த நேரத்துக்கு வாடகைக்குப் பிடித்தால் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, காய் வாடினால் விலை இல்லை. மாரியில் பட்டா எங்கள் ஒழுங்கைக்குள் வராது. அதனால்தான் போர் வீல்.

வவுனியா வாணி எழுதியது:

சேசியையும் எஞ்சினையும் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், புக்கைப் பற்றி நான் சொல்கிறேன், இந்த வேலையில் கன காலம் இருந்தேன்.

முதலில் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள், போட்டோ கொப்பி போதாது. அதில் முழு உரிமையாளர் என்று ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் பெயர் நீக்கப்படவில்லை. இரண்டில் எதுவானாலும் அந்த நிறுவனத்தின் கடிதம் வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அடுத்தது, விற்கிறவரின் அடையாள அட்டைப் பெயரும் புக்கில் உள்ள பெயரும் ஒன்றா? ஓப்பன் பேப்பர் என்று வெறும் படிவத்தில் ஒப்பம் வாங்கிக் கைக்குக் கை மாறிய வாகனங்கள் நம்முடைய பக்கத்தில் ஏராளம். ஒப்பம் வைத்தவர் வெளிநாடு போயிருப்பார், இறந்திருப்பார், அல்லது இப்போது ஒப்பம் என்னுடையது இல்லை என்பார். பெயர் மாற்ற அலையும் அலைச்சல் உங்கள் தலையில் விழும். பதிவு உரிமையாளரே நேரில் வந்து உங்கள் முன்னால் ஒப்பம் வைத்தால் மட்டும் எடுங்கள்.

சேசி நம்பர் பதித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே ஒரு கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு புக்கோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்க வேண்டும். சுற்றி அரைத்த தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் வேண்டாம். எஞ்சின் நம்பரும் அப்படியே, பழைய வாகனங்களில் எஞ்சின் மாற்றியிருப்பார்கள், மாற்றியது தப்பில்லை, புக்கில் பதியாமல் விட்டதுதான் தப்பு.

புதுக்குடியிருப்பு பெரியவர் எழுதியது:

பிள்ளை வாணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2009இல் சனம் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் வரைக்கும் வாகனங்களோடு போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டு ஹைலக்ஸும் அங்கேதான் நின்றது. பிறகு அந்த இடத்தில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தவற்றை எல்லோரும் பார்த்தோம். புக் ஒருவர் கையில், வாகனம் இன்னோர் இடத்தில் என்று பிரிந்துபோனவை எவ்வளவோ. அதனால் எல்.என்.166 மாதிரி அந்தக் காலத்து வாகனத்தை இங்கே வாங்கும்போது 2009க்கு முன் அது எங்கே, யார் பெயரில் இருந்தது என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. நேர்மையான ஆள் உட்கார வைத்துக் கதையைச் சொல்வார்.

கச்சான்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னவற்றை எழுதிக்கொண்டு மூன்றையும் பார்த்துவிட்டு வந்தேன், மச்சான் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எல்-200 பார்க்க நல்ல வடிவு, சீட் உறை எல்லாம் புதிது. பின் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தேன். கடைசி ஒரு முழம் வேறு நிறம், மண் படிந்து விறைத்திருந்தது. சீட்டைப் பூட்டிய ஆணிகள் எல்லாம் துரு, முன் லைட்டின் உள்ளே கீழ்ப்பக்கம் சேறு காய்ந்த கோடு. கேட்டால் மழைக்குக் கண்ணாடி திறந்து கிடந்ததாம்.

எல்.என்.166இன் சேசி சுத்தியலுக்கு எல்லா இடமும் கணீரென்று கேட்டது. எஞ்சினும் குளிரில் ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் புக்கில் உள்ளவர் இரண்டு கை முன்னால் விற்றவர், கனடாவில் இருக்கிறாராம், ஒப்பம் வைத்த படிவம் இருக்கிறது என்கிறார்கள்.

விகோ புக்கில் உள்ளவரே விற்கிறார், லீசிங் இல்லை. சேசி சரி, நம்பர் சரி. காலையில் போகும் முன்பே ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், போனட் குளிராகத்தான் இருந்தது. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் டக்டக்கென்று சத்தம், வெள்ளைப் புகை வந்து பிறகு நின்றது. ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்பக்கம் கரி தடித்துப் படிந்திருக்கிறது. மீற்றரில் 190,000 காட்டுகிறது, பெல்ட் மாற்றிய ரசீதும் வைத்திருக்கிறார். கிரவல் ஒழுங்கையில் போர் வீல் போட்டு ஓடினேன், லோ கியரிலும் பிடித்தது. என்ன செய்யலாம்?

கரடிப்போக்கு கராச் எழுதியது:

எல்-200ஐ விடுங்கள், அது வெள்ளத்தில் நின்ற வாகனம். 2018 டிசம்பரில் நம்முடைய பக்கம் வந்த வெள்ளத்தில் எத்தனை வாகனம் தண்ணீருக்குள் நின்றது என்று நினைத்துப் பாருங்கள், நீர்கொழும்பிலும் வெள்ளம் வராத வருடமா? வயர் கூட்டில் ஏறிய தண்ணீர் இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதை எந்தக் கராச்சிலும் முழுதாகத் திருத்த முடியாது.

மிச்சம் இரண்டில் நான் விகோவைத்தான் சொல்வேன். மல்லாவிக்காரன் கோபிக்க வேண்டாம், 5எல் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் அந்தப் புக்கில் உள்ளவர் கனடாவில் இருக்கிறார். விகோவில் உள்ள பழுது இன்னதென்று தெரிந்த பழுது, விலை போடக்கூடிய பழுது. டக்டக் சத்தமும் ஒயில் மூடிக் கரியும் செப்பு வாசர் கசிகிறது என்பதற்கான அடையாளம், இஞ்ஜெக்டரும் களைத்திருக்கலாம். காசு கொடுக்கும் முன் உரிமையாளரிடம் கேட்டு சம்பைக் கழற்றிப் பாருங்கள், அரை நாள் வேலை, செலவு உங்களுடையது என்று சொல்லுங்கள். சல்லடை பாதி அடைத்திருந்தால் சுத்தம் செய்து போடலாம். முழுக்க அடைத்திருந்தால், அல்லது ஒயிலில் பெயரிங் தூள் மினுங்கினால், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதோடு பின் டிஃபரன்ஷல் ஒயிலையும் ஆணி கழற்றி விரலில் தொட்டுப் பாருங்கள், பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, வாய்க்கால் கடந்த வாகனங்களில் இது அதிகம்.

மல்லாவிக்காரன் எழுதியது:

எனக்கென்ன கோபம் பாஸ். கனடாக்காரர் தூதரகத்தில் முறையாக அத்தாட்சி போட்டு அனுப்பினால் எல்.என்.166தான் என்பேன், இப்போதும் அதுதான் என் எண்ணம். ஆனால் அது வரும் வரைக்கும் தம்பி காத்திருக்கத் தேவையில்லை. விகோ எடுத்தால் டீசலை நம்பிக்கையான எரிபொருள் செட்டில் மட்டும் அடியுங்கள், பரலில் வைத்து ஊற்றாதீர்கள். டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகை ஒவ்வொரு மாதமும் திறந்து விடுங்கள்.

வவுனியா வாணி எழுதியது:

கனடாக்காரரின் அத்தாட்சியைக் கேட்டு வாங்கும் வரை எல்.என்.166க்கு அட்வான்ஸ் மட்டும் கொடுக்க வேண்டாம் தம்பி. இப்போது 2020க்குப் பிறகு நின்ற இறக்குமதி 2025இல் திறந்துவிட்டது, வரி காரணமாகப் புது வாகனம் எங்களுக்கு எட்டாத விலையில்தான் இருக்கிறது, ஆனாலும் பழைய வாகனத்தை எந்த விலைக்கும் வாங்க ஆள் நிற்கும் காலம் இல்லை. இன்றைக்கு எடுக்காவிட்டால் நாளைக்குப் போய்விடும் என்று விற்கிறவர் அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள்.

கச்சான்தோட்டம் எழுதியது:

சம்பைக் கழற்ற உரிமையாளர் சம்மதித்தார், நல்ல மனிதர், பக்கத்தில் நின்று அவரும் பார்த்தார். சல்லடையின் ஒரு ஓரம் கறுப்புக் கரி பிசின் மாதிரி ஒட்டியிருந்தது, நடுவும் மற்றப் பக்கமும் திறந்திருந்தது. தூள் இல்லை. டிஃபரன்ஷல் ஒயில் கறுப்பு, தண்ணீர் இல்லை. இஞ்ஜெக்டர் வேலைக்கென்று விலையில் குறைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார், இப்போது 80க்குள் வந்துவிட்டது. எடுக்கிறேன். வந்தவுடன் என்ன என்ன செய்ய வேண்டும்?

கரடிப்போக்கு கராச் எழுதியது:

நல்லது. சல்லடையைக் கழுவிப் பூட்டி, புது ஒயிலும் பில்டரும் போட்டுத்தான் வவுனியாவிலிருந்து ஓட்டி வாருங்கள், வேகம் வேண்டாம். இங்கே வந்ததும் நான்கு இஞ்ஜெக்டரையும் கழற்றி பெஞ்ச் சோதனைக்கு அனுப்புவோம். திரும்பப் பூட்டும்போது வாசர் நான்கும் புதிது, அவை அமரும் இடத்தையும் சுத்தமாக அரைக்க வேண்டும், அதைச் செய்யாமல் வாசர் மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். பழைய வாசரைச் சூடாக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாமான் கிளிநொச்சியில் இல்லாவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி இரவு பஸ்ஸில் போடச் சொல்லலாம், விடிய வந்துவிடும்.

முதல் ஒயிலை 2,000 கிலோமீற்றரில் வடித்துவிடுங்கள், உள்ளே மிச்சம் இருக்கும் கரி அதோடு வரும். பிறகு 5,000க்கு ஒருமுறை. கச்சான் பிடுங்கும் காலத்துப் புழுதிக்கு எயார் பில்டரைக் கிழமைக்கு ஒருமுறை தட்டுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது, தேயாமல் பூ இருந்தாலும் ஐந்தாறு வருடம் கடந்த டயரில் அம்மாவை ஏற்றி ஏ9இல் ஓட வேண்டாம். சேசியின் தண்ணீர் ஓட்டைகளை மாரிக்கு முன் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே பழைய ஒயில் அடித்துத் தருகிறேன். புதன்கிழமை கொண்டுவாருங்கள், வியாழன் கராச்சில் லொறி வேலை இருக்கிறது.